கழித்தல் குறி

ஜூன் 2, திங்கள்

விடுப்பு முடிந்து இன்று அலுவலகம் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. என் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். பூர்ணிமாவின் மேசை மேல் யாரோ பிரிண்டரைத் தூக்கி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவசரமாக எடுத்தார்கள். அது அங்கேயே இருந்திருக்கலாம். அவள் ஏப்ரலிலிருந்தே வரவில்லை.

செல்வரங்கம் சார் உள்ளே கூப்பிட்டார். எங்களுடையது பீளமேட்டில் இருக்கும் சின்ன கம்பெனி. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவிக்கு மென்பொருள் எழுதுகிறோம். அதில் பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதியது. எந்த மெஷினிலும் ஓடும். காதிலிருந்து திரும்பி வரும் ஒலியை அலசும் பகுதி மட்டும் சி மொழியில் இருக்கிறது. வேகம் வேண்டும் என்பதற்காகப் பூர்ணிமா எழுதியது. சி-யில் எழுதியதை அந்தந்த சிப்புக்கென்று தனியாக அதன் பாஷைக்கு மாற்ற வேண்டும்; அதைத்தான் கம்பைல் செய்வது என்பார்கள். ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றில் ஓடாது. இதுவரை எங்கள் பெட்டிகளில் கம்ப்யூட்டரில் இருக்கும் வகை சிப். இனி வரப்போகும் பெட்டி உள்ளங்கை அளவுதான். செல்போனில் இருப்பது போன்ற சிப். அதற்கு நம் பேக்கேஜை, அதாவது பெட்டியில் ஏற்றும் மென்பொருள் தொகுப்பை, புதிதாகத் தயார் செய்ய வேண்டும்.

“நந்து, இத நீங்கதான் செய்யணும்னு இல்ல. வேற ஆள விட்டுப் பாக்கலாம்” என்றார் சார்.

நானே செய்கிறேன் என்றேன். கம்பைல் செய்யும் வேலைதானே. பெட்டி எதற்குப் பயன்படுகிறது என்பது கம்பைலருக்குத் தெரியாது.

பில்ட், அதாவது பேக்கேஜ் தயாராகும் வேலை, ஓடும்போது சும்மா உட்கார முடியவில்லை. அதனால் இந்த டைரி. மருந்துக் கம்பெனிக்காரர் யாரோ சாருக்குக் கொடுத்தது. முதல் ஐந்து மாதங்கள் வெற்றாக இருக்கின்றன.

ஜூன் 3, செவ்வாய்

சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் பேசினார். பதிவு செய்தபோது என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். ஒன்பதாம் மாதம் ஆகிறதே, கடைசி ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேட்டார். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். அது உண்மைதான்; பூர்ணிமா கோபியில் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். எப்போது வருவார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். மாடி வீட்டுக்காரர் முறை, இருந்தாலும் நானே போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

புதிய பெட்டியிலேயே கம்பைல் செய்து பார்த்தேன். பாதியில் மெமரி போதாமல் நின்றுவிட்டது. எதிர்பார்த்ததுதான்.

ஆகவே கண்டெய்னர். கண்டெய்னர் என்றால் கம்ப்யூட்டருக்குள்ளேயே தடுத்துக் கட்டிய ஓர் அறை என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே எந்த லினக்ஸ் இயங்குதளம், எந்தக் கம்பைலர், என்னென்ன துணைப் புரோகிராம்கள் என்று ஒரு ஃபைலில் எழுதிவிட்டால் அப்படியே உருவாகிவிடும். உள்ளே ஓடும் புரோகிராம், தான் புதிய பெட்டியின் சிப்பில் ஓடுவதாகவே நினைத்துக்கொள்ளும். வெளியே இருப்பது என் லேப்டாப் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கட்டளையையும் ஒரு சிப்பின் பாஷையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஓட்டுவதால் ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும். வேலை முடிந்ததும் அறையைக் கலைத்துவிடலாம். விளைந்த பேக்கேஜ் மட்டும் வெளியே வரும்.

எனக்கு இந்த நிதானம் பிடித்திருக்கிறது. திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஜூன் 8, ஞாயிறு

கோபிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். பில்ட் ஓடிக்கொண்டிருந்ததால் போகவில்லை.

பூர்ணிமாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றாள். “நீங்க சாப்டீங்களா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அலுவலகத்தில் பழகிய நாளிலிருந்தே அவள் என்னை ‘நந்து, நீ’ என்றுதான் பேசுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அம்மா எதிரில் மட்டும் ‘நீங்க’. இப்போதெல்லாம் போனில் எப்போதும் ‘நீங்க’தான். அத்தை பக்கத்தில் இருந்திருப்பார்.

தொட்டில் கட்ட ஒதுக்கிய சின்ன ரூம் கதவு மழைக்கு உப்பிக்கொண்டு திறக்க வரவில்லை. திறக்க வேண்டிய வேலையும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

பில்ட் முடிந்தது, ஆனால் பேக்கேஜ் பெட்டியில் ஓடவில்லை. கண்டெய்னருக்குள் ரொம்பப் புதிய லினக்ஸை வைத்துவிட்டேன். பெட்டியில் இருப்பது பழையது. புதியதில் கம்பைல் ஆனது பழையதில் ஓடாது. பழையதில் ஆனது புதியதில் ஓடும். மாற்றி எழுதி மறுபடி ஓடவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கம்பைல் முடிந்தது. அதன் பிறகு ஓடும் சோதனைகள்தான் பிரச்சினை. பூர்ணிமா எழுதிய சோதனைகள்: பழைய குழந்தைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, விடை சரியாக வருகிறதா என்று பார்க்கும். என் லேப்டாப்பில் நேராக ஓட்டினால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடியும். கண்டெய்னருக்குள் காலையில் போட்டது மாலை வரை முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எது தேறியது, எது தோற்றது என்று காட்டும். சார் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

சோதனைகளை இப்போதைக்கு நிறுத்தி வைத்தேன். கணக்கு பழைய கணக்குதான், ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பேக்கேஜைப் பெட்டியில் ஏற்றினேன். ஓடுகிறது. முதல் பெட்டி, ஊருக்குள் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே பிரசவ வார்டில் ஷெரின் என்ற ஆடியாலஜிஸ்ட் எங்கள் கருவியை வைத்துத்தான் குழந்தைகளைப் பார்க்கிறார். சார் என்னை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு நாள் கூட இருந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்.

கொரியரில் அனுப்பினேன். பபிள் கவர் சுற்றி, மூலைகளில் தெர்மோகோல் வைத்து.

ஜூன் 17, செவ்வாய்

பெட்டி நன்றாக வேலை செய்வதாக ஷெரின் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். முன்பைவிட வேகமாம். அவர்களுடைய பழைய பெட்டி பழுதாகிவிட்டதால் இனி எல்லாக் குழந்தைகளுக்கும் இதுதான். சார் என் தோளைத் தட்டினார்.

ஜூன் 19, வியாழன்

சுகாதார நிலைய நர்ஸ் மறுபடி. ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன். குரலைக் கண்டுபிடித்திருப்பார். போனை வைத்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

மழை இல்லை. நாலு சட்டை தேய்த்தேன்.

ஜூன் 23, திங்கள்

மதியம் ஷெரின் போன் செய்தார். முன்பு பேசியதில்லை. மெல்லிய குரல், அவசரப்படாத பேச்சு.

கருவி வேலை செய்யும் விதத்தை எழுதிவிடுகிறேன், அப்போதுதான் அவர் சொன்னது விளங்கும். தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சின்னக் குமிழை வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய ஒலி போகும். நன்றாகக் கேட்கும் காதாக இருந்தால் உள்ளிருந்து ஓர் எதிரொலி திரும்பி வரும். நம் காதுக்குக் கேட்காத அளவு சின்னது. வார்டின் இரைச்சலிலிருந்து அந்த எதிரொலியைப் பிரித்தெடுப்பதுதான் பூர்ணிமாவின் சி புரோகிராம். எதிரொலி இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் மறுசோதனை.

புதிய பெட்டி வந்ததிலிருந்து எல்லாக் குழந்தைகளும் பாஸ் என்றார் ஷெரின். எப்போதுமே வாரத்தில் நாலைந்து குழந்தைகளாவது, பிறந்த மறுநாள் பார்க்கும்போது, காதில் அழுக்கு, நீர் என்று முதல் தடவை பாஸாகாது. ஒன்றுகூட அப்படி வராததுதான் அவரை உறுத்தியிருக்கிறது.

“இன்னைக்குக் குமிழை யார் காதுலயும் வைக்காம மேசை மேல வெச்சுட்டு பட்டனை அமுக்கினேன்” என்றார். “பாஸ்னு வந்துச்சு. மேசைக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு சொல்லுது உங்க மெஷின்.”

பார்க்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 24, செவ்வாய்

நிறுத்தி வைத்த சோதனைகளை நேற்று மாலையே ஓடவிட்டிருந்தேன். முதல் சோதனையே தோற்றது. பாஸ் ஆகக் கூடாத மற்றப் பதிவுகளும் எல்லாம் அப்படித்தான். அதே புரோகிராம், அதே பதிவு. லேப்டாப்பில் நேராக ஓட்டினால் சரியான விடை. கண்டெய்னருக்குள் எல்லாம் பாஸ். வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் பாஸ்.

அன்றைக்கே ஒரு மாலைப்பொழுது காத்திருந்தால் தெரிந்திருக்கும்.

சி ஃபைலை நாள் முழுக்கப் படித்தேன். எனக்குப் பைத்தான்தான் பழக்கம். பூர்ணிமா எதையும் இறுக்கிக் கட்டி எழுதுவாள். மெமரியை வீணாக்க மாட்டாள். ஒவ்வொரு வரியும் புரிகிறது. எல்லாம் சேர்ந்தால் புரியவில்லை.

சாரிடம் சொன்னேன். பூர்ணிமாவிடம் கேட்டால் சட்டென்று தெரியுமே, நான் கேட்கட்டுமா என்றார். நானே கேட்கிறேன் என்றேன்.

ஜூன் 25, புதன்

கேட்கவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று கேட்டேன்.

ஜூன் 26, வியாழன்

ஷெரின் பேசினார். பெட்டியை அவர் எங்களுக்கே கொரியரில் திருப்பி அனுப்பியிருந்தார்; இன்று காலை வந்து சேர்ந்தது. எங்கள் பெட்டி பாஸ் சொல்லி வீட்டுக்குப் போன குழந்தைகளை எல்லாம் மறுபடி கூப்பிடுகிறாராம். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். கடம்பூர் மலையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணின் போன் மட்டும் அணைந்தே கிடக்கிறது. பெயர் மாதம்மா. பெட்டி எப்போது சரியாகும், அவர்களை எதை நம்பி வரச் சொல்வது என்று கேட்டார்.

“காது கேக்காத பிள்ளைய ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சா பேச வெச்சுரலாம். பாஸ்னு நாம எழுதிக் குடுத்துட்டா, மூணு வயசு வரைக்கும் அவங்க டாக்டர்கிட்டயே வரமாட்டாங்க. தாமதமாப் பேசுதுன்னு நெனைச்சுக்குவாங்க.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

நாளைக்கு என்று மறுபடி சொன்னேன்.

பூர்ணிமாவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லித் தொடங்குவது? பிறந்த குழந்தை என்ற சொல் இல்லாமல் இந்த வேலையைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாது. எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.

ஜூன் 28, சனி

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கோபிக்குப் போனேன். கண்டெய்னரும் அதற்குள்ளேயே இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவிநாசி தாண்டித் தூங்கிவிட்டேன்.

அத்தை, “வாங்க மாப்ள, ஒரு போன் பண்ணியிருந்தாக் கறி எடுத்திருப்பனுங்க” என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மாமா தோட்டத்துக்குப் போயிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சமையற்கட்டு வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னேன். அத்தை அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

“அவகிட்ட இது வேண்டாமுங்க மாப்ள. பொறந்த கொழந்தைகளோட மெஷின்னு சொல்றீங்க. இப்பத்தான் ரெண்டு வாய் சேத்திச் சாப்புடறா. வேற ஆரயாச்சும் கேளுங்க.”

சரி என்றேன். உண்மையில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அறைக்குள்ளிருந்து பூர்ணிமாவின் குரல் வந்தது. “அம்மா, லேப்டாப்ப இங்க குடுக்கச் சொல்லு.”

அவள் மெலிந்திருந்தாள். தலையை இறுக்கப் பின்னியிருந்தாள். கட்டிலில் சம்மணமிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மேசைக்குக் காது கேட்டதைச் சொன்னபோது அவள் விரல்கள் நின்றன. மறுபடி ஓடின.

சோதனைகளை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டாள். மெதுவாக ஓடியது என்றேன்.

“மெதுவா ஓடுனா உக்காந்திருக்க வேண்டியதுதான?” என்றாள். ‘நீங்க’ இல்லாமல் கேட்ட கேள்வி. குரல் உயரவில்லை.

கொஞ்ச நேரம் ஃபைலை மேலும் கீழும் ஓட்டினாள். பிறகு ஓர் இடத்தில் நிறுத்தி, “அந்தப் பெட்டி சிப்புல, கேரக்டர் மைனஸ் எடுக்குமா?” என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அதுதான் விஷயம். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். சி மொழியில் சின்ன எண்களை வைக்கக் ‘கேரக்டர்’ என்று ஒரு சின்ன டப்பா உண்டு. அதில் கழித்தல் குறி போட்ட எண்ணை வைக்கலாமா கூடாதா என்று மொழி தீர்த்துச் சொல்லவில்லை. சிப்புக்குத் தகுந்தபடி விட்டுவிட்டது. பழைய பெட்டியில் வைக்கலாம். புதியதில் கழித்தல் கிடையாது; மைனஸ் ஒன்றை வைத்தால் இருநூற்று ஐம்பத்தைந்து என்று எடுத்துக்கொள்ளும். கம்பைலர் ஒரு வார்த்தைகூட எச்சரிக்கவில்லை. கருவி ஒலியை ஒரு தடவை நேராகவும் மறு தடவை தலைகீழாகவும் அனுப்பும்; எதிரொலியும் அதற்கேற்பத் தலைகீழாகும், இரைச்சல் ஆகாது. பூர்ணிமாவின் கணக்கு ஒரு தடவை வந்த ஒலியைக் கூட்டி, மறு தடவை வந்ததைக் கழிக்கும். அப்படி மாறி மாறிச் செய்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காதின் எதிரொலி மட்டும் நிற்கும். புதிய பெட்டியில் கழிப்பதே நடக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. கூட்டிய இரைச்சல் எல்லாம் எதிரொலி மாதிரித் தெரிந்திருக்கிறது.

‘குறியுள்ளது’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை அந்த வரியின் முன்னால் சேர்த்தாள். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் தப்பு என்றாள். இல்லை, சோதனையை நிறுத்தியது நான் என்றேன். அவள் மறுக்கவில்லை.

கண்டெய்னரில் பில்டைத் தொடங்கினோம். இந்தத் தடவை சோதனைகளோடு. இனி உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அத்தை வந்து டீ வைத்துவிட்டு, இருவரையும் பார்த்துவிட்டுப் போனார். வெளியே யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது.

“பெட்டியக் குடுக்க வார்டுக்குப் போனியா?” என்று கேட்டாள்.

கொரியரில் அனுப்பிவிட்டேன் என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். டீயை எடுத்து, குடிக்காமல் வைத்தாள்.

“நந்து. பாப்பா எப்படி இருந்தா?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எடை என்ன, எதனால் ஆயிற்று, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். 

“முடி நெறைய இருந்துச்சு” என்றேன். “ஈரமா, நெத்தியில ஒட்டிக்கிட்டு.”

“அப்புறம்?”

“நகம் வளந்திருந்துச்சு. வெட்டற அளவுக்கு.”

அவள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். கண்கள் மூடியிருந்ததை, உதடு சிவந்திருந்ததை, வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொடுத்தபோது கனமாக இருந்ததை, சித்தப்பாவின் காரில் என் மடியில் வைத்துக்கொண்டு அடக்கம் செய்ய அன்னூர்ப் பக்கம் அவர் ஊருக்குப் போனதை, மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொல்லி நான் சித்தப்பாவிடம் சத்தம் போட்டதை. எதற்காக மெதுவாகப் போகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

“எனக்கு ஏன் காட்டல?”

பார்த்தால் தாங்க மாட்டாய் என்று எல்லாரும் சொன்னார்கள் என்றேன்.

“எல்லாரும் இல்ல. நர்ஸ் உன்னத்தான் கேட்டாங்க, பாப்பாவ என்கிட்டக் காட்டட்டுமான்னு. வேண்டாங்கன்னு நீ சொன்ன. நான் மயக்கத்துல இருந்தேன், கண்ணத் தொறக்க முடியல. ஆனாக் காதுல விழுந்துச்சு.”

சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். முதுகு குலுங்கியது. எழுந்து போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் தோளில் கை வைக்கலாமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வைத்தேன். அவள் தள்ளிவிடவில்லை. மன்னிப்பு கேட்டேன். கேட்டது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை.

சோதனைகள் எல்லாம் தேறியிருந்தன. இருவரும் அதைக் கவனித்தபோது வெளியே இருட்டி வெகு நேரம் ஆகியிருந்தது.

ஜூன் 30, திங்கள்

பெட்டியை நானே கொண்டு போனேன். நேற்று கோபியில் பஸ் ஏறும்போது பூர்ணிமா ஒன்றே ஒன்று சொன்னாள்: கொரியரில் அனுப்பாதே.

பிரசவ வார்டு இரண்டாவது மாடியில். லிஃப்ட் இருந்தது, படியேறிப் போனேன். ஷெரின் நான் நினைத்ததைவிடச் சின்ன வயதுக்காரர். கையில் மோதிரம்கூட இல்லை. குழந்தையைக் கீறிவிடும் என்பதால் என்று அவரே சொன்னார். புதிய பேக்கேஜை ஏற்றினேன். முதலில் குமிழை மேசை மேல் வைத்து அமுக்கினார். மறுசோதனை என்று வந்தது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு வரிசையாக இருந்த தொட்டில்களில் ஒன்றுக்குப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். திரை பக்கத்தில் இருந்தால்தான் தெரியும், வாருங்கள் என்றார். போனேன். குழந்தை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடுவதால் வயிறு ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெரின் பாஸ் என்று சொன்னதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னார்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஈரம் காயட்டும், எந்திரிங்க என்றார். எழுந்து நின்றேன்.

ஜூலை 2, புதன்

சுகாதார நிலையத்துக்கு நானே போன் செய்தேன். குழந்தை இறந்துவிட்டது, மே மாதமே, என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை நான் சொல்வது முதல் தடவை. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார் நர்ஸ். அழுகிறாள் என்றேன். அழட்டும் சார் என்றார்.

ஜூலை 4, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிய குழந்தைகள் எல்லாம் திரும்ப வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், மாதம்மாவின் குழந்தையைத் தவிர. ஷெரின் மலையில் இருக்கும் செவிலியரைப் பிடித்தார்; அந்தச் செவிலியர் மாதம்மாவின் ஊருக்கே போய்ச் சொல்லி, நேற்றுத்தான் அழைத்து வந்தார். இரண்டு காதிலும் எதிரொலி இல்லை. இன்று பெரிய மெஷினில் வைத்தும் பார்த்தார்கள். அந்தப் பையனுக்குக் காது கேட்கவில்லை.

மாதம்மா அழவில்லை என்றார் ஷெரின். முதலில் நன்றாகக் கேட்கிறது என்றீர்களே என்று மட்டும் கேட்டிருக்கிறாள். மெஷின் தப்பு, எங்கள் தப்பு என்று ஷெரின் சொல்லியிருக்கிறார். இப்போதே தெரிந்துவிட்டதால் காதுக்குக் கேட்கும் கருவி மாட்டலாம், பேச்சு வரும் என்று சொல்லி, அடுத்து வரவேண்டிய தேதியைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

கோபிக்குப் போன் செய்து பூர்ணிமாவிடம் சொன்னேன். லைனில் இருக்கிறாயா என்றேன்.

“இருக்கேன்” என்றாள். “வந்துட்டாங்கல்ல. அது போதும்.” பிறகு, “ஞாயித்துக்கிழம அன்னூருக்குக் கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

அவள் கோபியிலிருந்து ஒரு பஸ்ஸில் வந்தாள், நான் கோவையிலிருந்து ஒன்றில். அன்னூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. அவள் கைப்பையில் ஒரு பாட்டில் பால் வைத்திருந்தாள். அத்தை காய்ச்சாமல் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

ஊர் மயானம் ரோட்டை விட்டு உள்ளே. ஒரு பக்கம் செங்கல் சுவர், தூரத்தில் ஒரு வெள்வேல மரம். மே மாதம் நான் பார்த்தபோது நடுவில் புதர் மண்டியிருந்தது. இப்போது மண் தள்ளிச் சமமாக்கியிருந்தார்கள். மழைக்குப் புல் முளைத்திருந்தது. சின்னக் குழந்தைக்கு அடையாளம் வைக்கக்கூடாது என்று அன்றைக்குப் பெரியவர்கள் சொன்னார்கள். கல்கூட வைக்கவில்லை.

எந்த இடம் என்று கேட்டாள்.

ஏதாவது ஓர் இடத்தைக் காட்டியிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. கையைத் தூக்கினேன். பிறகு இறக்கிவிட்டேன்.

“தெரியல” என்றேன். “இந்தச் சுவத்துக்கும் அந்த மரத்துக்கும் நடுவுல எங்கியோ.”

அவள் சுவரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போனாள். பாட்டிலைச் சாய்த்து, நூல் மாதிரி மெல்லிசாகப் பாலை விட்டுக்கொண்டே மரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நடந்தேன்.

பாதித் தூரம்கூட வரவில்லை, பால் தீர்ந்துவிட்டது. அவள் அதே இடத்தில் நின்றுகொண்டாள்.

“ரோட்டுல டீக்கடை இருந்துச்சு. போய் வாங்கிட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்.”

ஓடினேன். டீக்கடைக்காரர் காய்ச்சாத பால் இரண்டு பாக்கெட் கொடுத்தார். திரும்பி வந்தபோது அவள் ஓர் அடிகூட நகராமல் வெயிலில் நின்றிருந்தாள். பாக்கெட் மூலையைப் பல்லால் கடித்துத் திறந்தேன். குனிந்து ஊற்றத் தொடங்கியதும் பால் கண்டபடி சிந்தியது. அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பூர்ணிமா என் கையின் மேல் தன் கையை வைத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே மரம் வரைக்கும் ஊற்றினோம்.